பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்ன புத்தகம்?

“பையனுக்குப் பன்னிரண்டு வயசு சார். நல்ல புத்தகமா ஒண்ணு குடுங்க.” கடைக்கு வரும் பெற்றோரில் பாதிப் பேர் பேச்சைத் தொடங்குவது இப்படித்தான். வயதைச் சொல்லிவிட்டால் கடைக்காரர் அலமாரியிலிருந்து கச்சிதமாக ஒன்றை உருவித் தந்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. செருப்புக் கடையில்கூட வயதைக் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுப்பதில்லை. பாதத்தை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். புத்தகத்துக்கு எதை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் சிறிய கடை நடத்துகிற எங்களைப் போன்றவர்களின் பிழைப்பே இருக்கிறது.

அட்டையின் பின்புறம் ‘8-12’ என்று எண் போடுவது ஆங்கிலப் புத்தகச் சந்தையின் வழக்கம். அந்த எண்ணை மனத்தில் வைத்தே அங்கே எழுதுகிறார்கள், அதைப் பார்த்தே அடுக்குகிறார்கள். தமிழ்ப் புத்தகத்தில் அப்படி ஒரு எண் இருந்தால் பெரும்பாலும் அது பதிப்பாளரின் ஊகம். பன்னிரண்டு வயதுத் தமிழ்ப் பிள்ளைகளில் குறைந்தது மூன்று வகை வாசகர்கள் இருக்கிறார்கள். ஒருவன் அரசுப் பள்ளியில் தமிழ்வழி படிக்கிறான், ஆறாம் வகுப்புத் துணைப்பாடக் கதைகளை ஒரே மூச்சில் முடித்துவிட்டவன். இன்னொருத்தி ஆங்கிலவழிப் பள்ளி. ஹாரி பாட்டர் ஏழு பாகமும் முடித்தவள், ஆனால் தமிழில் ஒரு பத்தியை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். மூன்றாமவனுக்கு எந்த மொழியிலும் பாடப்புத்தகத்தைத் தாண்டி எதுவும் கைக்கு வந்ததில்லை. மூவருக்கும் வயது ஒன்று. மூவருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்தால் இருவரை இழப்பது உறுதி.

இதைக் கடைக்காரர்களுக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள் பள்ளிக்கூடத்துக்காரர்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னப் புத்தகங்களை வெளியிட்டபோது அவற்றை வகுப்புவாரியாகப் பிரிக்கவில்லை. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘நுழை’யில் தொடங்கலாம், நான்காம் வகுப்புப் பிள்ளை ‘ஓடு’வில் இருக்கலாம். பிரதம் புக்ஸ் தன் கதைப் புத்தகங்களுக்கு ஒன்று முதல் நான்குவரை நிலை போடுவதும் இதே கணக்குத்தான். வயதை விட்டுவிட்டுத் திறனைப் பிடித்துக்கொண்டது சரியான முடிவு. ஆனால் திறனோடும் விஷயம் முடிந்துவிடவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் முயலும் ஆமையும் கதையைக் கொடுத்தால் அவள் முகம் சுருங்கிவிடும். அவளுடைய கண் ஏழு வயது, மனம் பதினான்கு. அவளுக்கு வேண்டியது சுலபமான நடையில் கனமான விஷயம். தமிழில் மிகக் குறைவாக இருப்பதும் அதுதான்.

ஏன் குறைவு என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எந்த வயதுக்கு எந்தப் புத்தகம் என்ற கேள்வியே நம் வீடுகளுக்குப் புதிது. 1950களிலிருந்து நாற்பது வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. பத்திரிகைகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அம்புலிமாமா 1947இல் வரத் தொடங்கியது. குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950இல் உருவானது. அணில், கண்ணன், பின்னால் 1972இல் கோகுலம், வாண்டுமாமாவின் ஆசிரியத்துவத்தில் பூந்தளிர் என்று வரிசையாக வந்தன. 1972இல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் கிளம்பியது, 1984இல் லயன் காமிக்ஸ். பிள்ளைக்கு அம்புலிமாமா சலித்துப் போகும் நாளில் மாயாவி கையில் இருப்பான். மாயாவியும் சலித்தால் வீட்டில் பெரியவர்களுக்காக வாங்கிய விகடன், கல்கி, குமுதம் கூடத்தில் கிடக்கும். அதில் ஒரு தொடர்கதை. எழுதியவர் சுஜாதாவாக இருந்தால் பையன் அன்றோடு பெரியவன் ஆகிவிடுவான்.

இந்த ஏணியில் யாரும் யாருக்கும் எதையும் பரிந்துரைக்கவில்லை. புத்தகம் வீட்டில் கிடந்தது, பிள்ளை எடுத்தது. பாதி புரியாது. புரியாத பாதிதான் அடுத்த வாரமும் எடுக்க வைத்தது. பிறகு தொலைக்காட்சி வந்தது, ஆங்கிலவழிப் பள்ளி வந்தது, கைபேசி வந்தது. வார இதழ் வாங்கும் வீடுகள் குறைந்தன. கோகுலமும் சுட்டி விகடனும் 2020 பெருந்தொற்றை ஒட்டி அச்சில் நின்றன. ஏணி போய்விட்டது, அதன் வேலையை ஒரு கடைக்காரரின் வாயிடம் எதிர்பார்க்கிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. தாங்கள் எப்படிப் படிக்கத் தொடங்கினோம் என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. யாரும் சொல்லித்தராமல் நடந்த காரியம் அது.

கீழ்ப்படியிலிருந்து பார்ப்போம். ஐந்து வயதுக்குக் கீழே வாசகர் என்று யாரும் கிடையாது, கேட்பவர்தான் உண்டு. படிப்பவர் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ. எனவே புத்தகம் அவர்கள் வாய்க்குப் பொருந்த வேண்டும். அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் இன்னும் விற்பதற்குக் காரணம் இதுதான். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஆயுள் முழுக்கக் குழந்தைகளுக்கு எழுதிய அந்த மனிதருக்கு, எந்தச் சொல்லைச் சொன்னால் குழந்தையின் தலை ஆடும் என்று தெரிந்திருந்தது. ‘மலரும் உள்ளம்’ வாங்கிப் போகும் தாத்தாக்கள் பாதிப் பாட்டைக் கடையிலேயே மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

பாட்டில் இல்லாத ஒரு சிக்கல் உரைநடையில் இருக்கிறது. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறு தமிழ். நான்கு வயதுக் குழந்தை “யானை போயிட்டிருந்துச்சு” என்று கேட்டுப் பழகியிருக்கும். புத்தகத்தில் “யானை சென்றுகொண்டிருந்தது” என்று இருக்கும். கண்ணுக்கு அது எவ்வளவு நீளமான சொல் என்றும் பாருங்கள். எழுத்துக்கூட்டுகிற பிள்ளை ‘சென்று’ தாண்டுவதற்குள் யானை காட்டுக்குள் போய்விடும். நல்ல படக்கதை ஆசிரியர்கள் சின்ன வினைச்சொற்களில் கதையை நகர்த்துகிறார்கள். யானை ‘போனது’, ‘நின்றது’, ‘பார்த்தது’. ஆங்கிலத்திலிருந்தோ இந்தியிலிருந்தோ அவசரமாகக் கொண்டுவரப்பட்ட புத்தகங்களில்தான் ஐந்து சொல்லை ஒட்டிய ரயில்பெட்டிகள் வரும். படம் அபாரமாக இருக்கும், வரி வாயில் நுழையாது. நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது எளிய சோதனை: ஏதாவது ஒரு பக்கத்தை இங்கேயே சத்தமாகப் படியுங்கள். நாக்கு இரண்டு இடத்தில் தட்டினால் வைத்துவிடுங்கள், படம் எத்தனை அழகாக இருந்தாலும் சரி.

படம் அழகாக இருக்கும் புத்தகங்களுக்குச் சென்னையில் குறைவில்லை. தாரா 1994இல் தொடங்கியது, தூலிகா 1996இல். தாரா கையாலேயே அச்சிட்ட கோண்டு ஓவியப் புத்தகங்கள் உலகச் சந்தையில் பேர்போனவை. அவை குழந்தை கிழிப்பதற்கு அல்ல என்று விலையே சொல்லிவிடும். தூலிகாவின் இருமொழிப் புத்தகங்களில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கும் அவை உதவுகின்றன. உதவுவதில் ஒரு ஓட்டையும் உண்டு: ஆங்கிலம் தெரிந்த பிள்ளை தமிழ் வரியைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். தமிழ் வரியைப் பெரியவர் படித்து, ஆங்கில வரியைப் பிள்ளை படித்தால் சரி. கையில் காசு இல்லாத வீட்டுக்கு நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பாலபுஸ்தகாலய வரிசையும், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் சிறு நூல்களும் போதும். அதுவும் முடியாவிட்டால் பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். புத்தகம் விற்பவன் இதைச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. திரையில் நூறு கதை பார்த்த குழந்தைதான் நூற்றியோராவதைக் கையில் வைத்துக்கொள்ளக் கேட்கும்.

ஏழு முதல் பத்துவரை பெரிய கஷ்டமில்லை. அந்த வயதில் பிள்ளை எதையும் படிக்கும், தினசரித் தாளில் மடித்த பஜ்ஜிப் பொட்டலம் உட்பட. எஸ். ராமகிருஷ்ணன் உலகப் பழங்குடிகளின் தோற்றக் கதைகளைத் திரும்பச் சொன்ன ‘கால் முளைத்த கதைகள்’, துளிர் அறிவியல் இதழ், அரசு பள்ளிகளுக்கு அனுப்பும் ஊஞ்சல், தேன்சிட்டு எதுவானாலும் ஓடும். ஜப்பானின் டெட்சுகோ குரோயாநாகி எழுதிய ‘டோட்டோ-சான்’ தமிழில் வந்ததிலிருந்து நான் பார்த்தவரை பிள்ளைக்கென்று வாங்கிப் போய் அம்மா படித்துவிட்டுத் திரும்பி வரும் புத்தகம் அதுவே. அடுத்த முறை வரும்போது அந்த அம்மா கேட்பது வேறு புத்தகம் அல்ல, இதுபோன்ற பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று. அதற்கு என்னிடம் சரக்கு இல்லை.

பதினொன்றிலிருந்து பதினாறு வரைதான் தமிழ் அலமாரியில் பல் விழுந்த இடம். சிறுவர் நூல் என்றால் பேசும் அணில். பெரியவர் நூல் என்றால் திருமணம் தாண்டிய சிக்கல். நடுவில் இருப்பவனுக்கு யார் எழுதினார்கள்? கொஞ்சம் எழுதியிருக்கிறார்கள், அண்மையில் கொஞ்சம் கூடவே எழுதுகிறார்கள். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ குறுநாவல் மிகச் சிறியது. கேள்வி கேட்டு அடிவாங்கும் ஒரு மாணவியின் கதையை அவளுடைய ஆசிரியை சொல்கிறார். எழுத்துக்கூட்டும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு நான் முதலில் நீட்டுவது அதைத்தான். முடிவு வலிக்கும். வலிக்கட்டும் என்று நினைத்துத்தான் கொடுக்கிறேன். ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயத்தில் ஒரு சாகசம் என்ற போர்வையில் பரிணாமத்தையும் பௌத்தத்தையும் பேசிவிடும். கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ பறவை முட்டை தேடி அலையும் கரிசல்காட்டுச் சிறுவனுடையது. நகரத்துப் பிள்ளைகள் அந்த வட்டார மொழியில் முதல் பத்து பக்கம் தடுமாறி, பிறகு பிடித்துக்கொள்வார்கள்.

சாகித்திய அகாதெமி 2010இலிருந்து பால சாகித்திய புரஸ்கார் விருது கொடுக்கத் தொடங்கியதில் ஒரு நன்மை நடந்தது. குழந்தை இலக்கியத்துக்குப் பத்திரிகைப் பக்கம் கிடைத்தது, கடைகளில் ஒரு தனித் தட்டு கிடைத்தது. முதல் தமிழ் விருது ம.இலெ. தங்கப்பாவின் ‘சோளக்கொல்லைப் பொம்மை’க்கு. எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் விருது பெற்றது. குழந்தைகள்மீதான பாலியல் தொல்லையைக் குழந்தையிடமே பேசும் நூல். இதைக் கேட்டு வாங்க வரும் பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், ஆனால் வருகிறார்கள். அது பெரிய மாற்றம். கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ 2023இல், விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025இல். விருது பெற்ற எல்லாவற்றையும் பிள்ளைகள் விரும்புகிறார்கள் என்று சொல்லமாட்டேன். சில நூல்களில் ஆசிரியர் பிள்ளையின் தோளில் கைபோட்டு நல்லது சொல்லிக்கொண்டே வருவார். பதின்மூன்று வயதுக்காரன் அந்தக் கையை உடனே தட்டிவிடுவான்.

எனவே பெரியவர்களின் அலமாரியில் கைவைக்க வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. குழந்தையைப் பற்றிய கதை எல்லாம் குழந்தைக்கான கதை ஆகிவிடாது. நவீனத் தமிழின் மிகச் சிறந்த குழந்தைப் பாத்திரங்கள் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ சிறுகதையைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு வாராவாரம் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவர், வருஷப் பிறப்புக்கு இரண்டு பேருக்கு மட்டும் டைரி தருகிறார். கிடைக்காத சாரங்கன் பிற்பாடு அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துத் தானே ஒரு டைரியை எடுத்து நீட்டுகிறான், அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்லி. புத்தகம் கொடுக்கும் தொழிலில் இருக்கிற எவரும் படிக்க வேண்டிய கதை. பத்து வயதுப் பிள்ளையிடம் படித்துக் காட்டினால், “அவனுக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாமே” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். கதை குத்துவது நம்மைத்தான்.

அதற்கு மாறாக, பெரியவர்களுக்கென்று நினைத்த சில நாவல்கள் பதினைந்து வயதுக்கு வாகாகப் பொருந்துகின்றன. பூமணியின் ‘வெக்கை’யில் நாயகன் சிதம்பரத்துக்கே அந்த வயதுதான். முதல் பக்கத்திலேயே கையை வெட்டப் போய்க் கொலை செய்துவிடுகிறான். மீதி நாவல் அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரிவது. கொலைக் கதையைப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்று பெற்றோர் தயங்குவார்கள். கைபேசியில் அவன் ஏற்கெனவே பார்த்த கொலைகளில் ஒன்றிலாவது அப்பனும் மகனும் இத்தனை நேரம் பேசிக்கொண்டார்களா என்று கேட்பேன். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ இன்னொன்று. செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டும் மாட்டைத் தேடிக்கொண்டும் இருக்கும் சந்திரசேகரனைச் சுற்றி 1948 ஐதராபாத் நொறுங்குகிறது. அதில் உபதேசம் ஒரு வரி கிடையாது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் உலகம். விளையாட்டும் பசியும் சாதியும் ஒரே மேய்ச்சல் நிலத்தில். இந்த மூன்றையும் பதினைந்துக்கு முன்னால் கொடுக்கமாட்டேன். கொடுத்த பிறகு வீட்டில் யாராவது பேச ஆள் இருந்தால் நல்லது. சுஜாதாவுக்கு அந்த நிபந்தனையும் வேண்டாம். ‘என் இனிய இயந்திரா’வைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம்.

‘பொன்னியின் செல்வன்’ எந்த வயதில் என்பது தனிக் கேள்வி. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது அதைக் குடும்பமே படித்தது, பாட்டிக்குப் படித்துக் காட்டிய பேத்திகள் உட்பட. மணிரத்னத்தின் படங்கள் 2022லும் 2023லும் வந்தபோது பள்ளிப் பிள்ளைகள் கடைக்கு வந்து கேட்டார்கள். கேட்டவர்களில் கணிசமானவர்கள் முதல் பாகத்தில் நின்றார்கள். அதற்காகச் சுருக்கப் பதிப்பை நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கல்கியிடம் கதை பாதி, வளவள பேச்சு பாதி. பேச்சை வெட்டினால் வந்தியத்தேவன் வெறும் தபால்காரன் ஆகிவிடுகிறான். பதினான்கு வயதில் முழுசாக, இல்லையென்றால் காத்திருக்கலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். ஐந்து பாகத்தையும் ஒரே தடிமனான கட்டில் பொடி எழுத்தில் அடைத்து மலிவாக விற்கும் பதிப்பால் கல்கியை வெறுத்தவர்கள் உண்டு. எந்த நூல் என்பதோடு எந்தப் பதிப்பு என்றும் சொல்லாவிட்டால் பரிந்துரை பாதிதான்.

கல்லூரி வயதுக்காரர்கள் கேட்டு வருவதில்லை; பார்த்துவிட்டு வருகிறார்கள். ‘பரதேசி’ 2013இல் வந்தபோது இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பான ‘எரியும் பனிக்காடு’ நகர்ந்தது. ‘விசாரணை’க்குப் பிறகு மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’. 2019இல் ‘அசுரன்’ வந்தது. முப்பத்தேழு வருஷமாக அமைதியாக விற்றுக்கொண்டிருந்த ‘வெக்கை’யைத் தேடி, பூமணி பெயரை அதுவரை கேள்விப்படாத பையன்கள் வந்தார்கள். பவா செல்லதுரை மேடையில் கதை சொல்லும் காணொளிகளைக் கேட்டுவிட்டு அந்தக் கதை எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று வருபவர்களும் இதே வயது. அந்தக் காலத்துக் கூடத்து மேசையின் வேலையை இப்போது சினிமாவும் யூடியூபும் ஓரளவு செய்கின்றன என்று சொல்லலாம். வித்தியாசம், அவர்கள் ஒரு புத்தகத்துக்காக வருகிறார்கள். அதைக் கையில் கொடுக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் அடுத்ததன் பெயரைச் சொல்லிவிட வேண்டும். ‘வெக்கை’ வாங்குபவனிடம் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, ‘லாக்கப்’ வாங்குபவனிடம் பாமாவின் ‘கருக்கு’. ‘குட்டி இளவரசன்’ எந்த வயதுக்கும் போகும். பிரெஞ்சிலிருந்து நேராக வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் செய்த மொழிபெயர்ப்பு அது. இருபது வயதில் அதை வாங்குபவர்கள் பெரும்பாலும் யாருக்கோ கொடுக்கத்தான் வாங்குகிறார்கள்.

முப்பது முதல் ஐம்பது வரை பிரச்சினை ரசனையில் இல்லை, நேரத்தில். அவர்களுக்குச் சிறுகதைத் தொகுப்புகள். வண்ணதாசன், அம்பை, அசோகமித்திரன், சிரிக்க வேண்டுமென்றால் அ. முத்துலிங்கம். நாவல்தான் வேண்டும் என்பவருக்கு ‘புயலிலே ஒரு தோணி’. இதற்கு மேல் அந்த வயதுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறுபதுக்கு மேல் வருபவர்களைப் பற்றிப் பரிந்துரைக் கட்டுரைகள் எழுதுகிறவர்கள் பேசுவதே இல்லை. வயதுவாரிப் பட்டியல்கள் எல்லாம் பெரியவர்கள் என்ற சொல்லோடு முடிந்துவிடும், நாற்பதும் எழுபத்தைந்தும் ஒன்று என்பதுபோல. தமிழ்க் கடைகளில் நிதானமாக நின்று, விலை பார்க்காமல் வாங்குகிறவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். இவர்களில் இரண்டு சாதி. ஒரு சாராருக்குப் புதியது வேண்டாம். சாண்டில்யனின் ‘கடல் புறா’வும், தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வும், கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ளும் வேண்டும், அதிலும் மோகனாம்பாள் கோபுலுவின் ஓவியத்தோடு வேண்டும். கல்கி என்றால் மணியம் வரைந்த வந்தியத்தேவன். படமில்லாத மறுபதிப்பைக் கொடுத்தால், “இது அது இல்லையே தம்பி” என்று திருப்பித் தருவார்கள். அவர்கள் சொல்வது நியாயம். தொடராக வந்தபோது படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வரியைப் படித்தார்கள். பாதிக் கதை ஓவியரின் கையில் இருந்தது.

இன்னொரு சாரார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாகப் படிக்க உட்காருகிறவர்கள். கணக்காளராகவோ செவிலியராகவோ முப்பத்தைந்து வருஷம் ஓடியிருப்பார்கள். அவர்களுக்கு நான் எடுத்துத் தருவது உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வந்து, அவர் மறைவால் பாதியில் நின்ற தன்வரலாறு. தமிழ்ப் புலமை எதுவும் தேவைப்படாமல் ஒரு கிராமத்துப் பையன் பாடம் கேட்க ஊர் ஊராக அலையும் கதையாகவே அதைப் படிக்கலாம். தொ. பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுகள்’ இன்னொன்று. உப்பையும் எண்ணெயையும் பற்றிப் பேசும் சின்னக் கட்டுரைகள், ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

ஆனால் இந்த வயதில் எழுத்தாளரைவிட எழுத்தின் அளவு பெரிய விஷயம். பத்துப் புள்ளியில், வரிக்கு வரி நெருக்கி, பக்கத்தைக் குறைத்துக் காகிதச் செலவை மிச்சம் பிடித்த பதிப்புகள்தான் கடைகளில் அதிகம். கண்புரை அறுவைசிகிச்சை முடிந்த ஒரு பெரியவருக்கு எண்ணூறு பக்க நாவல் கையில் கனக்கும், கண்ணில் மங்கும். எனக்குத் தெரிந்து பல பெரியவர்கள் கிண்டிலுக்கோ மதுரைத் திட்டத்தின் மின்னூல்களுக்கோ போய்விட்டார்கள், எழுத்தைப் பெருக்கிக்கொள்ளலாம் என்ற ஒரே காரணத்துக்காக. அவர்களை இழந்தது இளைய தலைமுறை படிப்பதில்லை என்று மேடையில் வருந்துகிற பதிப்பாளர்கள்தான்.

பரிசாகக் கொடுக்க வாங்குகிறவர்கள் தனி வகை, இவர்களுக்கு வாசகரின் வயதுகூடத் தெரியாது. பள்ளி ஆண்டு விழாவுக்கு மொத்தமாகத் திருக்குறளும் ‘அக்னிச் சிறகுகள்’ளும் கேட்பார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் வீட்டில் அப்துல் கலாம் மூன்று பிரதி இருப்பார். அவர்மேல் எனக்கு மரியாதைக் குறைவு எதுவுமில்லை. நான்காவது பிரதியை யாரும் திறக்கமாட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த பெண்ணுக்கும் கட்டுரைப் போட்டியில் ஜெயித்த பெண்ணுக்கும் வெவ்வேறு புத்தகம் கொடுங்கள் என்று தலைமையாசிரியர்களிடம் சொல்லிப் பார்ப்பதுண்டு. பில் ஒரே தலைப்பில் வேண்டுமாம், தணிக்கைக்கு.

எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்து, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் இருக்கிறது, நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் இருக்கிறார் என்ற பொருளில் இரண்டு விதிகள் அதில் உண்டு. வயது என்ற பேச்சே இல்லை. கடையில் நான் கேட்பது மூன்று கேள்வி. கடைசியாக அவன் முடித்த புத்தகம் எது? பாதியில் போட்டது எது? படித்த பிறகு யாரிடம் சொல்வான்? முதல் கேள்விக்குப் பெற்றோர் பெரும்பாலும் முழிப்பார்கள். இரண்டாவதற்குப் பிள்ளையே பதில் சொல்லும், அதில்தான் வேண்டிய தகவல் முழுக்க இருக்கும். பேய்க்கதையைப் பாதியில் போட்டவனுக்கும் அறிவுரைக் கதையைப் பாதியில் போட்டவனுக்கும் நான் காட்டும் தட்டு வேறு. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் காமிக்ஸ் கொடுத்து அனுப்புவேன். அதை அவன் நண்பனிடம் கட்டாயம் காட்டுவான்.

இவ்வளவும் கேட்டுச் சரியான பெயரைச் சொல்லிவிட்ட பிறகு, அந்தப் புத்தகம் கடையில் இருக்க வேண்டுமே. ஒரு காலத்தில் தமிழ் நூலின் முதல் பதிப்பு 1,200 பிரதி என்பது வழக்கம். நூலக ஆணையும் கிடைத்தால் பதிப்பாளர் நிம்மதியாக இருப்பார். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறு, இருநூறு என்று போடுகிறார்கள். புத்தகக் கண்காட்சியில் பத்து சதவீதக் கழிவில் அந்த நூறு தீர்ந்துவிடும். மார்ச்சில் ஒரு பெண் கேட்டு வந்தால் இல்லை. நல்ல சிறுவர் நூல்களுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் வண்ணப் படம் உள்ள புத்தகத்தை நூறு பிரதி அடித்தால் விலை கட்டாது. ஆயிரம் அடிக்கப் பதிப்பாளருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: யாருக்கு எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, மறு அச்சு வந்ததா. இருபது பேர் ஒரே சிறுவர் நூலுக்காகக் காத்திருந்தால் பதிப்பாளரைக் கூப்பிட்டு அந்த எண்ணிக்கையைச் சொல்வேன். சில சமயம் அச்சடிக்கிறார்கள். அப்போது கூடவே ஒரு கோரிக்கையும் வைப்பேன்: அட்டைக்குப் பின்னால் ‘8-12’ வேண்டாம், எழுத்து எத்தனை புள்ளி என்று போடுங்கள், மொத்தம் எத்தனை சொல் என்று போடுங்கள். இதுவரை ஒருவர்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதுவும் புள்ளியை மட்டும்.